பரவியிருப்பதாகத் தோன்றும் பணம்

மாதச் சம்பளக்காரர்களிடையே சில ஆண்டுகளாக ஓர் ஆலோசனை வேகமாகப் பரவி வருகிறது. 'எல்லாப் பணத்தையும் இந்தியாவிலேயே வைக்காதீர்கள், உலகச் சந்தையிலும் கொஞ்சம் போடுங்கள்' என்பதே அது. ஆலோசனையில் தவறில்லை. உலகப் பங்குச் சந்தைகளின் மொத்த மதிப்பில் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய 4 சதவீதம்தான். ஒரே நாட்டின் வானிலைக்குள் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அடைத்து வைப்பது ஆபத்து என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்த ஆலோசனையைக் கேட்டு அனுப்பிய பணம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. என்னைக் கவலைப்பட வைப்பது அதுதான்.

எம்எஸ்சிஐ வேர்ல்டு என்ற குறியீட்டு எண்ணை எடுத்துக்கொள்வோம். பெயரில் உலகம் இருக்கிறது. உள்ளே இருப்பவை 23 வளர்ந்த நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துச் சொச்சம் நிறுவனங்கள். இந்தியா இல்லை, சீனா இல்லை. எடையில் 70 சதவீதத்துக்கும் மேல் அமெரிக்கா. அந்த எழுபதிலும் முன்வரிசையில் நிற்பவை என்விடியா, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், அமேசான், ஆல்ஃபபெட் என்ற ஒரு கைப்பிடி நிறுவனங்கள். 2025 இறுதியில் என்விடியா ஒன்றின் எடையும் ஜப்பானிய நிறுவனங்கள் அனைத்தின் எடையும் ஏறக்குறைய சமம். நம் ஊரில் பலர் நேரடியாக வாங்கும், அமெரிக்காவின் நாஸ்டாக் 100 குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகளில் இந்தக் குவிப்பு இன்னும் அதிகம்.

இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. நிறுவனத்தின் சந்தை மதிப்பு எவ்வளவோ, குறியீட்டில் அதன் எடையும் அவ்வளவு. விலை ஏறினால் எடை ஏறும். அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டில் அடுத்த மாதம் போடும் எஸ்ஐபி தவணையில் அதே பங்குக்குக் கூடுதலாகப் போகும். வாங்குகிறவர் எந்த முடிவும் எடுக்காமலேயே, ஏற்கெனவே விலை ஏறியதில் அவருடைய பணம் மேலும் மேலும் சேர்கிறது. செலவு குறைவு, நிர்வாகியின் தவறு இல்லை என்ற இரண்டு நன்மைகளுக்காக இண்டெக்ஸ் ஃபண்டை நானும் பரிந்துரைப்பவன்தான். அந்த நன்மைகளோடு இந்தக் குவிப்பும் சேர்ந்தே வருகிறது என்பதை மட்டும் விற்பவர்கள் சொல்வதில்லை.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1989 இறுதியில் இதே உலகக் குறியீட்டில் 40 சதவீதத்துக்கும் மேல் எடை வகித்த நாடு ஜப்பான். அந்த ஆண்டின் கடைசி வர்த்தக நாளான டிசம்பர் 29 அன்று ஜப்பானின் நிக்கெய் குறியீடு 38,915 புள்ளிகளில் முடிந்தது. அதே புள்ளியை அது மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்று. இடையில் 34 ஆண்டுகள். அன்று ஜப்பானைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி உண்மை: கார் தயாரிப்பில் தரம், தொழிற்சாலையில் ரோபோ, மின்னணுச் சாதனங்களில் முதலிடம். டொயோட்டாவும் சோனியும் இன்றும் உலகத் தரத்தில்தான் இருக்கின்றன. பொய்யாகிப்போனது அந்த உண்மைகளுக்குச் சந்தை கொடுத்திருந்த விலை. கூடவே, நிலத்தின் மேல் ஏறிய கடனும் மூப்படையும் மக்கள்தொகையும் சேர்ந்துகொண்டன.

இன்னும் நெருங்கிப் பார்க்க சிஸ்கோ நல்ல உதாரணம். இணையப் போக்குவரத்தைத் திசைப்படுத்தும் ரவுட்டர்களைச் செய்த நிறுவனம் அது. 2000 மார்ச்சில் சந்தை மதிப்பு 50,000 கோடி டாலரைத் தாண்டி, சில நாட்களுக்கு உலகின் மிக மதிப்புமிக்க நிறுவனமாகவே நின்றது. மார்ச் 27 அன்று பங்கின் முடிவு விலை 80 டாலரும் சில சென்ட்டும். இணையம் உலகை மாற்றும், அதற்குச் சிஸ்கோவின் பெட்டிகள் வேண்டும் என்பதே வாங்கியவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. இணையம் அவர்கள் நினைத்ததைவிடப் பெரிதாக வளர்ந்தது. 2000 நிதியாண்டில் சுமார் 1,890 கோடி டாலராக இருந்த சிஸ்கோவின் விற்பனை 2024-இல் 5,380 கோடி டாலர் ஆனது. நிகர லாபம் சுமார் 267 கோடியிலிருந்து 1,000 கோடி டாலருக்கு மேல் போனது.

பங்கு விலை பழைய 80 டாலரைத் தாண்டியது 2025 டிசம்பரில்.

கால் நூற்றாண்டு! 2000-இல் வேலைக்குச் சேர்ந்து ஆசையோடு வாங்கியவர் ஓய்வை நெருங்கும்போது, கொடுத்த விலையையே திரும்பப் பார்க்கிறார். நடுவில் கிடைத்த டிவிடெண்டு மட்டும் மிச்சம். அதே காலத்தில் டாலரின் வாங்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. நிறுவனம் திவாலாகவில்லை, மோசடி செய்யவில்லை, தொழில்நுட்பமும் தோற்கவில்லை. விலை மட்டும் முன்கூட்டியே எல்லா வளர்ச்சியையும் சாப்பிட்டு முடித்திருந்தது.

இன்றைய செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் அன்றைய சிஸ்கோ அல்ல. இவை இப்போதே பெரும் லாபம் ஈட்டுபவை. லாபத்தோடு ஒப்பிட்டால் விலையும் 2000 அளவுக்கு உச்சியில் இல்லை. அந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. ஆனாலும் லாபக் கணக்குக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட், ஆல்ஃபபெட், அமேசான், மெட்டா நான்கும் சேர்ந்து 2025-இல் மூலதனச் செலவாகப் போட்டது 30,000 கோடி டாலருக்கும் மேல். அதில் பெரும்பகுதி தரவு மையங்களும் அவற்றுக்குள் அடுக்கும் சர்வர்களும். சர்வர் வாங்கிய செலவு மொத்தமும் அந்த ஆண்டே லாபத்திலிருந்து கழிவதில்லை. அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று நிறுவனம் சொல்கிறதோ, அத்தனை ஆண்டுக்குப் பிரித்துத் தேய்மானமாகக் கழிக்கப்படும். 2025 தொடக்கத்தில் மெட்டா தன் சர்வர்களின் ஆயுளை ஐந்தரை ஆண்டாக நீட்டியது. அதனால் மட்டும் அந்த ஆண்டின் தேய்மானச் செலவு ஏறக்குறைய 290 கோடி டாலர் குறையும் என்று கணித்தது. அதே சமயத்தில் அமேசான் தன் சர்வர்களில் ஒரு பகுதியின் ஆயுளை ஆறிலிருந்து ஐந்தாண்டாகக் குறைத்தது. தொழில்நுட்பம் வேகமாக மாறுவது அது சொன்ன காரணம். இரண்டுமே சட்டப்படி சரி. ஆனால் ஏறக்குறைய ஒரே வகை இயந்திரத்தைப் பற்றி ஒரே நேரத்தில் இரண்டு பெரிய நிறுவனங்கள் எதிரெதிர் முடிவுக்கு வருகின்றன என்றால், நாம் பார்க்கும் லாப எண்ணில் எவ்வளவு ஊகம் கலந்திருக்கிறது என்பது புரியும்.

விற்பவரே வாங்குபவருக்குப் பணம் தருவதும் திரும்பி வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓபன்ஏஐ-யில் 10,000 கோடி டாலர் வரை முதலீடு செய்யும் திட்டத்தை 2025 செப்டம்பரில் என்விடியா அறிவித்தது. ஓபன்ஏஐ அமைக்கும் மையங்களுக்குள் போகப்போவது என்விடியாவின் சில்லுகள். 1990-களின் இறுதியில் லூசென்ட் நிறுவனம் தன் தொலைத்தொடர்புக் கருவிகளை வாங்க வின்ஸ்டார் என்ற வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்தது. 2001 ஏப்ரலில் வின்ஸ்டார் திவாலானபோது லூசென்ட்டின் விற்பனைக் கணக்கும் சேர்ந்து அடிவாங்கியது.

சந்தையின் நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஒரு நாள் போதும். 2025 ஜனவரி 27, திங்கட்கிழமை. சீனாவின் ஹாங்சோ நகரத்து டீப்சீக் என்ற நிறுவனம், குறைந்த செலவில் திறமையான ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பழக்கிவிட்டது என்ற செய்தி பரவியது. அன்று ஒரே நாளில் என்விடியா 17 சதவீதம் சரிந்தது. அழிந்த மதிப்பு சுமார் 59,000 கோடி டாலர். பிறகு பங்கு மீண்டது, புதிய உச்சங்களையும் தொட்டது. ஆனால் இப்படி ஓர் அடி எந்தத் திசையிலிருந்து வரும் என்பதை அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை விலை சொல்லியிருக்கவில்லை.

அப்படியானால் அமெரிக்காவை விட்டுச் சீனாவுக்குப் போகலாமா? பொருளாதார வளர்ச்சியைத் துரத்துபவர்கள் அங்கே பட்டது வேறு விதம். எம்எஸ்சிஐ சீனா குறியீடு 1992 இறுதியில் 100 என்று தொடங்கியது. அதற்குப் பிறகு டாலர் கணக்கில் சீனப் பொருளாதாரம் 30 மடங்குக்கும் மேல் பெருத்தது. 2024 தொடக்கத்திலும் குறியீடு 100-க்குக் கீழேதான் கிடந்தது. நிறுவனங்கள் ஓயாமல் புதிய பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருந்ததால், வளர்ச்சியின் பங்கு பழைய பங்குதாரர் கைக்கு வந்து சேரவில்லை.

சமூக மாற்றம் ஒரு தொழிலையே எப்படித் துடைத்துப் போடும் என்பதையும் சீனாதான் காட்டியது. பிறப்பு விகிதம் விழுந்துகொண்டிருந்தது. 2021 மே மாத இறுதியில் அரசு மூன்று குழந்தைகள் வரை அனுமதித்தது. குழந்தை வளர்ப்பின் செலவைக் குறைத்தாக வேண்டும் என்ற கணக்கில், இரண்டே மாதத்தில், பள்ளிப் பாடங்களுக்கான டியூஷன் நிறுவனங்கள் லாப நோக்கமற்றவையாக மாற வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜூலை 23 அன்று செய்தி கசிந்தவுடன் நியூயார்க்கில் பட்டியலிட்டிருந்த டிஏஎல் எஜுகேஷன் ஒரே நாளில் ஏறக்குறைய 70 சதவீதம் வீழ்ந்தது. நியூ ஓரியண்டல் பாதிக்கும் மேல். மக்கள்தொகைப் புள்ளிவிவரம் எல்லோர் கண் முன்னாலும்தான் இருந்தது. அதை வைத்து அரசு என்ன செய்யும் என்பதை விலைக்குள் யாரும் வைக்கவில்லை. ரஷ்யாவில் நடந்தது இன்னும் சுருக்கம்: 2022 மார்ச்சில் வளரும் நாடுகளுக்கான எம்எஸ்சிஐ குறியீட்டிலிருந்து ரஷ்யப் பங்குகள் ஏறக்குறைய பூஜ்ய விலையில் நீக்கப்பட்டன.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கிளையில் வேலை பார்ப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் அமெரிக்க வாடிக்கையாளரின் தொழில்நுட்பச் செலவிலிருந்து வருகிறது. ஊக்கமாகக் கிடைக்கும் ஆர்எஸ்யு அதே நிறுவனத்தின் பங்கு. வீட்டுக் கடன் கட்டுவது அந்தச் சம்பளத்தை நம்பி. வீட்டின் விலையே அந்தச் சாலையின் ஐடி வேலைகளை நம்பி நிற்கிறது. இவர் 'பரவலாக்குகிறேன்' என்று மாதம் இருபதாயிரம் ரூபாயை நாஸ்டாக் 100 ஃபண்டில் போடுகிறார். அமெரிக்கத் தொழில்நுட்பத் துறை ஒருமுறை இறங்கினால் வேலை, ஆர்எஸ்யு, ஃபண்டு, வீட்டு விலை நான்கும் ஒரே நேரத்தில் ஆடும். செயற்கை நுண்ணறிவு வென்றாலும் அவருக்கு நிம்மதி கிடைத்துவிடாது. ஃபண்டு ஏறும், வேலை போகலாம். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். இப்படிப்பட்டவர் வாங்க வேண்டிய உலகம் வேறு. அவர் சம்பளத்தோடு தொடர்பில்லாத நாடுகளும் தொழில்களும் அதில் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஃபண்டு விற்கும் ஆலோசகர் தன் வேலையைச் செய்யவில்லை என்றே சொல்வேன்.

ரூபாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடந்த பதினைந்து ஆண்டு அமெரிக்க ஃபண்டுகளின் லாபத்தில் ஒரு நல்ல பகுதி, டாலர் 45 ரூபாயிலிருந்து 90 வரை ஏறியதால் வந்தது. ரூபாய் எப்போதும் விழும் என்று எழுதி வைத்திருப்பதில்லை. 2002-இல் 48 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2007 இறுதியில் 39-க்கு இறங்கியது.

சந்தை, நாணயம் இரண்டையும்விட, பணம் போகும் வழியிலேயே உள்ள இரண்டு பள்ளங்கள்தான் அதிகம் பேரைக் காயப்படுத்தும் என்று நினைக்கிறேன். முதலாவது, மும்பைப் பங்குச் சந்தைகளில் பங்குபோல் கைமாறும் வெளிநாட்டு ஃபண்டுகளான இடிஎஃப்-களின் விலை. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் அனைத்தும் சேர்ந்து வெளிநாட்டில் 700 கோடி டாலருக்கு மேல் வைக்கக் கூடாது என்ற உச்சவரம்பு 2008-இலிருந்து இருக்கிறது. 2022 பிப்ரவரியில் அந்த வரம்பை நெருங்கியபோது புதிய முதலீட்டை நிறுத்தச் சொன்னது சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி. வரம்பு நிரம்பியிருந்தால் ஃபண்டு நிறுவனம் புதிய இடிஎஃப் யூனிட்டுகளை உருவாக்க முடியாது. ஆசைப்படுபவர்கள் இருக்கும் யூனிட்டுகளுக்கே போட்டி போடுகிறார்கள். உள்ளிருக்கும் பங்குகளின் மதிப்பைவிட 10 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் விலைக்கு இவை கைமாறிய நாட்கள் பல. 100 ரூபாய் மதிப்புள்ள யூனிட்டை 120-க்கு வாங்கினால், அமெரிக்கச் சந்தை ஒரு புள்ளிகூட இறங்காமலேயே, வரம்பு தளர்ந்த அன்று 16 சதவீதத்துக்கும் மேல் நஷ்டம். ஃபண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ளிருக்கும் பங்குகளின் மதிப்பைக் காட்டும் ஐஎன்ஏவி என்ற எண் வர்த்தக நேரம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். வாங்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அதையும் செயலியில் தெரியும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது, மரணம். அமெரிக்கத் தரகு நிறுவனத்தில் நேரடியாகப் பங்கு வாங்கியவரும் ஆர்எஸ்யு கைக்கு வந்து அங்கேயே விட்டு வைத்திருப்பவரும் கவனிக்க வேண்டியது இது. அமெரிக்கக் குடிமக்களுக்கு அந்நாட்டு வாரிசுச் சொத்து வரியில் பெரும் விலக்கு உண்டு. அங்கே குடியிராத வெளிநாட்டவருக்கு விலக்கு 60,000 டாலர் மட்டும். அதற்கு மேல் உள்ள அமெரிக்கப் பங்குகளுக்கும் அங்கே பதிவான இடிஎஃப்-களுக்கும் 40 சதவீதம் வரை வரி. வருமான வரிக்கு இந்தியாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. வாரிசுச் சொத்து வரிக்கு ஒப்பந்தம் இல்லை. இந்தியாவில் இந்த வரி 1985-இலேயே ஒழிக்கப்பட்டதால் நம் குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இறந்த நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் அமெரிக்க வரித் துறைக்குக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அத்துறை மாற்றுச் சான்றிதழ் தரும் வரை தரகு நிறுவனம் பங்குகளை விடுவிக்காமல் வைத்திருக்கலாம். இந்திய மியூச்சுவல் ஃபண்டின் யூனிட்டாக வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் வராது. அவர் கையில் இருப்பது இந்தியச் சொத்து. நேரடியாக வைத்திருப்பவர்கள் 60,000 டாலரை நெருங்கும்போதே ஒரு பகுதியை விற்று இங்கே கொண்டுவருவதையும், கணக்கு எங்கே இருக்கிறது, அதற்கு எப்படி உள்ளே போவது என்பதை மனைவிக்கோ கணவருக்கோ எழுதி வைப்பதையும் இந்த மாதமே செய்யலாம்.