பழைய லேப்டாப்புக்குப் பெரிய திரை

நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவள். என்னிடம் இருப்பது 2015 மாடல் டெல் லாட்டிடியூட் இ7450, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 14 அங்குலத் திரை, 1366×768. அதில் டெமி அளவுப் புத்தகப் பக்கம் ஒன்றை முழுசாக வைத்துப் பார்த்தால் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ‘ன்’ மேல் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். லேப்டாப்பை விற்றால் மானிட்டர் விலையில் பாதிகூடத் தேறாது என்று வீட்டில் ஒரே கிண்டல்.

மானிட்டர் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதெல்லாம் மானிட்டரின் தகுதி. அதில் எவ்வளவு நமக்குக் கிடைக்கும் என்பது லேப்டாப்பின் கையில் இருக்கிறது. 4கே என்றால் 3840×2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டியைவிட நான்கு மடங்கு. அத்தனையையும் விநாடிக்கு 60 தடவை, அதாவது 60 ஹெர்ட்ஸில், அனுப்ப வேண்டும். அந்தக் காலத்து லேப்டாப்புகளில் இருக்கும் எச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4 ரகம். 4கே என்றால் அது விநாடிக்கு 30 தடவைக்கு மேல் தாங்காது. சினிமா பார்க்க அது போதும், வேலைக்கு ஆகாது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி கைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். பக்கத்தை உருட்டினால் வரிகள் குதிக்கும். படம் பளிச்சென்று இருப்பதால் கோளாறு எங்கே என்று பலருக்குப் பிடிபடுவதே இல்லை. லேப்டாப்புக்கு வயசாகிவிட்டது என்று அதன்மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள்.

அதே லேப்டாப்பில் இன்னொரு சின்னத் துளை இருக்கிறது: மினி டிஸ்ப்ளேபோர்ட். யாரும் சீண்டாத துளை. அதன் 1.2 ரகம் 4கே படத்தை 60 தடவையும் அனுப்பும். ஆனால் உள்ளே இருக்கும் சிப்பும் சம்மதிக்க வேண்டும். என்னுடையது இன்டெல் ஐந்தாம் தலைமுறை, அதனால் பிழைத்தேன். அதற்கு முந்தைய தலைமுறையின் ‘யு’ வகை சிப்புகளுக்கு 60 தடவை என்றால் 3200×2000தான் உச்சவரம்பு. பிராசஸர் எண்ணை இன்டெல் தளத்தில் போட்டால் இந்தக் கணக்கு கிடைக்கும். பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

கேபிள் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் கடைப் பையன் மினி டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் குட்டி கன்வர்ட்டரை எடுத்து நீட்டினான்.

“இது போதும்க்கா, எல்லாம் ஒண்ணுதான்.”

“அறுபது ஹெர்ட்ஸ் வருமா தம்பி?”

“படம் வரும்க்கா.”

படம் வரும்தான். ஆனால் அந்த மலிவு கன்வர்ட்டர்கள் பழையபடி 30லேயே கொண்டுபோய் நிறுத்தும். ஒரு முனையில் மினி டிஸ்ப்ளேபோர்ட், மறுமுனையில் பெரிய டிஸ்ப்ளேபோர்ட், நடுவில் எந்தப் பெட்டியும் இல்லாத கேபிள்தான் வேண்டும். நாலு கடை தள்ளிக் கிடைத்தது. மாட்டியதும் விண்டோஸில் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ பக்கத்தைத் திறந்து 60 என்று காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பியில் செருகும் கன்வர்ட்டர்களையும் காட்டுவார்கள். படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையை அவற்றில் பல பிராசஸர் தலையில் கட்டிவிடும். பழைய மெஷினில் ஃபேன் அலற ஆரம்பித்துவிடும்.

எச்டிஎம்ஐ 1.4 மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு 4கே வேண்டாம் என்பேன். 2560×1440 மானிட்டர் வாங்கலாம். என்னுடையதைப் போன்ற மெஷின்களில் அந்த எச்டிஎம்ஐ துளை வழியாகவே 60 வரும். இடமும் குறையாது. 27 அங்குலத்தில் 4கே படத்தை 100 சதவீதத்தில் வைத்தால் மெனு எழுத்தைப் படிக்கக் கண் பிதுங்கும். 150 சதவீதத்துக்கு ஏற்றினால் கிடைக்கும் இடம் அந்த 2560×1440 அளவுதான். கூடுதலாகக் கிடைப்பது எழுத்தின் கூர்மை. ஃபாண்டோடு மல்லுக்கட்டும் எனக்கு அது முக்கியம்; எக்செல் பார்ப்பவருக்கு அவ்வளவு இல்லை.

எனக்கு மிஞ்சிய தலைவலி பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். பழைய ஃபைல்கள் இன்னும் அதில்தான் வருகின்றன. 2001-இல் வந்த 7.0 பதிப்புக்கு இந்த 150 சதவீதக் கதையெல்லாம் தெரியாது. அதன் ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. உள்ளே ‘ஹை டிபிஐ’ அமைப்பை ‘சிஸ்டம்’ என்று மாற்றினால் மெனுக்கள் படிக்கும் அளவுக்கு வரும், எழுத்து கொஞ்சம் மங்கினாலும். லேப்டாப்பின் சொந்தத் திரையை அணைத்துவிட்டு மானிட்டரை மட்டும் வைத்துக்கொண்டால் இந்த அளவுச் சண்டை பாதி குறைகிறது.