உங்களுக்குத் தெரியுமா? நம் பக்கத்துக் காட்டுக்குள் ஒரு தீவு!

தீவில் இரவு தங்கிக் காட்டுயிர் பார்க்க ஆசையா? கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்குப் பறம்பிக்குளமே பக்கம்.

● குன்று தீவானது: 1960-களில் அணையில் தண்ணீர் ஏறியதும் வீட்டிக்குன்று தீவாக நின்றது. மூங்கில் தெப்பத்தில் போய் அங்குள்ள வனத்துறைத் தங்குமிடத்தில் தங்கலாம். நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு. இறங்கிக் குளிக்க வேண்டாம்.

● டிராம் போன தடம்: தேக்கும் ஈட்டியும் சாலக்குடிக்கு இறக்க, கொச்சி சமஸ்தானம் அமைத்த டிராம் பாதை 1907 முதல் 1963 வரை ஓடியது. அந்தத் தடத்தில் இன்று மலையேற்றம் போகலாம். வழிகாட்டிகள் இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடியினர். காட்டெருமையின் குளம்படி எது, கடமானுடையது எது என்று மண்ணைப் பார்த்தே சொல்வார்கள்.

● கன்னிமாரா தேக்கு: துணக்கடவு அருகே நிற்கும் இந்த மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். கட்டிப்பிடிக்க ஐந்து பேராவது கைகோக்க வேண்டும்.

● கேரளக் காடு, தமிழ்நாட்டு வழி: 2010-இல் புலிகள் காப்பகமான பறம்பிக்குளத்துக்குப் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் சாலை.

சித்தூர் வட்டத்து வயல்களுக்குத் தண்ணீர் தரும் பறம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் தாய்க்காடு இது. வனத்துறையிடம் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பிளாஸ்டிக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.