பூஜ்யம் என்றால் எவ்வளவு?

புனேக்குக் குடிநீர் தரும் கடக்வாஸ்லா ஏரியை ஒட்டி மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1916-இல் தோன்றிய நிறுவனம். அங்குள்ள பொறியாளர் ஒருவரிடம் கரையோரம் முகந்த ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்து, "ஏரியில் வண்டல் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கே முகந்தது, எந்த ஆழத்தில், மழைக்கு முன்பா பின்பா என்று அவர் நம்மைத் திருப்பிக் கேட்பார். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவரின் எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டையும் இப்படிக் கேள்வி கேட்டுத்தான் படிக்க வேண்டும். நாமோ ஒரே ஓர் எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

அந்த எண், பிளாஸ்மா செல்களின் சதவீதம். நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைச் செய்கிற செல்கள் இவை. நல்ல மஜ்ஜையில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும். ஒவ்வொன்றும் தனக்கென ஒரே வகை ஆன்டிபாடியைத்தான் செய்யும். அதில் கப்பா, லாம்ப்டா என்ற இரண்டு இலகு சங்கிலிகளில் ஏதாவது ஒன்று மட்டுமே இருக்கும். ஆரோக்கியமான உடலில் இரு சாராரும் கலந்திருப்பார்கள். மைலோமாவில் ஒரே செல்லின் வாரிசுகள் பெருகி, எல்லாம் எம் புரதம் எனப்படும் ஒரே புரதத்தைக் கொட்டுகின்றன. நோய் தன் கையெழுத்தைத் தானே போட்டுக் காட்டிக்கொடுக்கிறது. 1845-இல் லண்டன் நோயாளி ஒருவரின் சிறுநீரில் வந்த விசித்திரமான புரதத்தை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஆராய்ந்தார். நம்மூர் லேப்களில் இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது.

மஜ்ஜையை எடுப்பது இடுப்பெலும்பின் பின்மேட்டிலிருந்து. மரத்துப்போகச் செய்து ஊசியால் திரவ மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். பிறகு எலும்போடு சேர்த்து ஒரு சிறு துண்டைக் குடைந்தெடுப்பார்கள். ஒரே நாளில் எடுத்த இந்த இரண்டும் வெவ்வேறு எண்களைச் சொல்வது சகஜம். அப்போது அதிகமானதையே மருத்துவர்கள் கணக்கில் கொள்வார்கள். காரணம் இருக்கிறது: உறிஞ்ச உறிஞ்ச ரத்தம் வந்து கலந்துவிடும். முதலில் வரும் சில மில்லிதான் அடர்த்தியானது. சிகிச்சைக்குப் பிறகும் ஒளிந்திருக்கும் மிச்ச நோயைத் தேடும் நுண்ணிய சோதனைக்கு அந்த முதல் உறிஞ்சல் போகாமல் மூன்றாவதோ நான்காவதோ போனால், விடை பொய்யாகவே நல்லதாக வரலாம். இன்னொரு சிக்கல், நோய் மஜ்ஜையெங்கும் சீராகப் பரவாமல் திட்டுத் திட்டாகக் கிடக்கும். ஊசி இறங்கிய இடம் சுத்தம்; முதுகெலும்பில் ஒரு திட்டு மிச்சம். பெட் ஸ்கேன் கேட்பது இதற்காகத்தான்.

சிகிச்சை பலிக்கிறதா என்பதை முதலில் சொல்வது ரத்தமும் சிறுநீரும். எம் புரதம் ரத்தத்தில் பாதியாகக் குறைந்து, சிறுநீரில் 90 சதவீதம் குறைந்தால் பகுதி நிவாரணம். முழு நிவாரணம் என்று சொல்ல ரத்தம், சிறுநீர் இரண்டிலும் அந்தப் புரதம் தட்டுப்படக் கூடாது. மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மஜ்ஜை சுத்தமான பிறகும் ரத்தத்தில் புரதம் தெரிந்தால் உடனே கலங்க வேண்டியதில்லை. ஐஜிஜி வகைப் புரதம் பாதியாகக் குறையவே சுமார் 3 வாரம் ஆகும். செய்கிற செல்கள் போன பின்னும் சரக்கு மிச்சமிருக்கும். டாராடுமுமாப் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு வேடிக்கையும் உண்டு: அந்த மருந்தே ஐஜிஜி கப்பா வகை ஆன்டிபாடி என்பதால், ரிப்போர்ட்டில் நோயைப் போல் வேடம் போட்டு வரும்.

2014-இல் சர்வதேச மைலோமா குழு வெளியிட்ட நோய் கண்டறியும் விதிகளின் முதல் ஆசிரியர், வேலூர் சிஎம்சியில் படித்த எஸ். வின்சென்ட் ராஜ்குமார். 2016-இல் அதே குழு, ஷாஜி குமாரை முதல் ஆசிரியராகக் கொண்டு, மிச்ச நோய்க்கும் அளவுகோல் வகுத்தது. நல்ல செல்கள் ஒரு லட்சத்தில் ஒரு நோய்ச் செல் இருந்தாலும் பிடிக்க வேண்டும் என்பது அந்த அளவுகோல். ஃபுளோ சைட்டோமெட்ரி என்ற முறையில் செல்களுக்கு ஒளிரும் சாயமேற்றி, லேசர் முன்னால் வரிசையாக ஓடவிட்டு ஒவ்வொன்றாக அடையாளம் பார்க்கிறார்கள். அல்லது மரபணு வரிசையைப் படித்து அந்தக் குடும்பத்தின் வாரிசைத் தேடுகிறார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்க மருந்து அமைப்பின் ஆலோசனைக் குழு, புது மருந்துகளை மதிப்பிட இந்தச் சோதனையைப் பயன்படுத்தலாம் என்று 12-0 என வாக்களித்தது.

இங்கேதான் பூஜ்யத்தின் கணக்கு வருகிறது. கண்டுபிடித்தோம் என்று நம்பிக்கையோடு சொல்ல 20 நோய்ச் செல்களாவது ஒரு கூட்டமாகத் தெரிய வேண்டும் என்று வைத்தால், லட்சத்தில் ஒன்றைப் பிடிக்க 20 லட்சம் செல்களை எண்ண வேண்டும். 2 லட்சம் செல்களோடு நிறுத்திய லேபும் "நெகட்டிவ்" என்றுதான் எழுதும். ஆனால் அது பத்து மடங்கு பலவீனமான நெகட்டிவ். குரோமோசோம் பார்க்கும் ஃபிஷ் சோதனையும் இப்படித்தான். சிகிச்சைக்குப் பின் பிளாஸ்மா செல்களே சொற்பமாகிவிட்டால், 17-ஆம் குரோமோசோம் கோளாறு தெரியவில்லை என்பதை அது நீங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. தொடக்கத்தில் கண்ட கோளாறு கோப்பில் இருக்கட்டும்.

அடுத்த முறை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சோதனைக்குப் போனது முதல் உறிஞ்சலா? எத்தனை செல்கள் எண்ணினார்கள்? ஸ்கேனும் ரத்தமும் இதோடு ஒத்துப்போகின்றனவா? பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுபோங்கள். மிச்ச நோய் இல்லை என்ற நிலை நீடிக்கிறது என்று சொல்லவே, குறைந்தது ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு சோதனைகள் வேண்டும்.