கடலின் அரிவாள்மணை

ஆனைமலைச் சோலைகளில் சருகு ஊறி வரும் ஓடைநீரை ஒரு செம்பில் முகந்து, நாலாக மடித்த துணியில் வடித்துப் பார்த்தால், தூசும் துரும்பும் துணியில் தங்கிவிட்ட பின்னரும், தேயிலைச் சாயம் போன்ற மங்கிய நிறம் ஒன்று ஜலத்தை விட்டு அகலாதிருப்பதைக் காணலாம். அதுவே கரைந்துபோன சேந்திரியப் பதார்த்தம். இலையின் உடல் மறைந்து சாறு மட்டும் யாத்திரை செல்கிறது. சித்தூர்ப் புழையில் இறங்கியது பறளியில் கல்பாத்திப் புழையோடு கூடிப் பாரதப்புழையாகிப் பொன்னானியில் அரபிக் கடலைச் சேர்கிறது. மூணாற்றுச் சாறு முதிரப்புழையில் ஓடிப் பெரியாற்றில் கலந்து அதே கடலை அடைய, மறையூர்ப் பாம்பாறோ கிழக்கே திரும்பி, அமராவதியையும் காவேரியையும் பற்றிக்கொண்டு வங்கக் கடலை நாடுகிறது.

கடலில் அதை எதிர்கொள்ளும் பாக்டீரியாக்கள் ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 10 லட்சம். அவற்றுக்கு வாயில்லை. ஹைட்ரஜன் அணுவைப்போல் ஏறக்குறைய 600 மடங்குக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு எதுவும் அவற்றின் மேலுறையின் துளைகளில் எளிதில் நுழையாதாகையால், பசித்த பாக்டீரியா தன் ஆகாரத்தை வெளியிலேயே நறுக்கியாக வேண்டியிருக்கிறது. அதற்கு அது வைத்திருக்கும் அரிவாள்மணையே நொதி. புரதத்துக்கு ஒன்று, சர்க்கரைச் சங்கிலிக்கு ஒன்று, இறால் ஓட்டின் கைட்டினுக்கு ஒன்று என ஒவ்வொரு பண்டத்துக்கும் தனி மணை உண்டு. எத்தனை முறை அறுத்தாலும் நொதி தான் செலவாவதில்லை.

ஆனால், மணையை வீதியில் போட்டு நறுக்கினால் துண்டுகளை அயலார் பொறுக்கிக்கொள்வார்களே! ஆகவே பல பாக்டீரியாக்கள் நொதியைத் தம் மேலுறையிலேயே பொருத்தி வைத்துக்கொள்கின்றன. வேறு சில, பெரிய சர்க்கரைத் துணுக்கை உறைகளுக்கு இடையே இழுத்துவந்து, அங்கே அந்தரங்கமாக அறுத்து உண்கின்றன. இத்தனை சூக்ஷ்மமான குடித்தனத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இவ்வாறு கொழுத்த பாக்டீரியாவைச் சாட்டைவால் நுண்ணுயிர்கள் விழுங்க, அவற்றை மிதவைப் பிராணிகள் தின்ன, கரைந்துபோன சாறு மறுபடியும் உணவுச் சங்கிலியில் ஏறுகிறது என்பதை 1983-இல் ஃபரூக் ஆஸம் முதலிய அறிஞர்கள் எடுத்துரைத்தார்கள். மலையின் சாயம் மட்டும் கடினமானது. கடற்பாசிகள் கசியவிடும் இனிய சர்க்கரையைப்போல் அது விரைவில் அறுபடாது.

கண்ணுக்கெட்டாத இந்த அறுப்பைப் பார்ப்பதற்கும் வழியுண்டு. நொதி அறுக்கும் பண்டத்தோடு, பிணைந்திருக்கும்வரை ஒளி மங்கிக் கிடக்கும் ஒரு சாயத்தைச் சேர்த்துக் கடல்நீரில் இடுகிறார்கள். பிணைப்பு ஒவ்வொன்றாக அறுபட அறுபட, புற ஊதாக் கதிரின்கீழ் குழாய் மெல்ல மெல்ல நீலமாய்ச் சுடர்கிறது.