அண்டை வீட்டாரின் அந்தரங்கமும் திட்டமிடல் நிபந்தனைகளும்: இலண்டன் வழக்கொன்றை முன்வைத்து

பொதுமக்களின் பயன்பாட்டிற்கென எழுப்பப்படும் கட்டடம் அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைப் பாதிக்குமாயின், அதனைக் காக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது? அடுக்குமாடி வாழ்க்கையே பெருவழக்காகிவிட்ட நகரங்களில் இவ்வினா தவிர்க்கவியலாதது. ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பொன்றின் துணைகொண்டு இதனை நாம் ஆராய்வோம்.

முதலில் சொல்லாட்சி குறித்து ஒன்று கூற வேண்டியுள்ளது. 'எட்டிப் பார்த்தல்' என்னும் தொடரில் பார்ப்பவரின் நோக்கம் குற்றமாகத் தொனிக்கிறது. 'கண்ணில் படுதல்' என்பதிலோ நோக்கமே இல்லை. கட்டடத்தின் அமைப்பே பிறர் வீட்டினுள் பார்வையைச் செலுத்தும் நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. சட்டச் சிக்கலும் அவ்விடத்திலேயே எழுகிறது.

திட்டமிடல் அனுமதி வழங்கும் அதிகாரத் தரப்பு, அனுமதியுடன் நிபந்தனைகளையும் விதிக்கலாம். பக்கவாட்டுச் சன்னல்களுக்கு ஊடுருவிப் பார்க்கவியலாத கண்ணாடி பொருத்துதல், மாடங்களில் மறைப்புத் தடுப்பு அமைத்தல், பயன்பாட்டு நேரத்தை வரையறுத்தல் ஆகியன அவற்றுட் சில. இங்கிலாந்தின் விதிகள் சிலவற்றில், திறக்கக்கூடிய சன்னற்பகுதி தரையிலிருந்து 1.7 மீட்டருக்கு மேல் இருத்தல் வேண்டும் என்னும் அளவும் காணப்படுகிறது. நிற்பவரின் கண்மட்டத்தைக் கருதினால் இவ்வளவின் காரணம் விளங்கும். நிபந்தனை தேவையானதாகவும், திட்டமிடலுக்கும் குறிப்பிட்ட கட்டுமானத்திற்கும் தொடர்புடையதாகவும், நடைமுறைப்படுத்தத் தக்கதாகவும், துல்லியமானதாகவும், நியாயமானதாகவும் அமைதல் வேண்டும் என்பது அந்நாட்டுக் கொள்கை.

இனி, வழக்கிற்கு வருவோம். இலண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடம் 2016-இல் திறந்த விரிவாக்கக் கட்டடத்தின் பத்தாம் தளத்தில் நகரைச் சுற்றிக் காணும் பார்வை மாடம் அமைந்தது. ஏறத்தாழ 30 மீட்டர் தொலைவில், தரைமுதல் கூரைவரை கண்ணாடிச் சுவர் கொண்ட குடியிருப்புகள் இருந்தன. ஆண்டுதோறும் ஐந்து முதல் ஆறு இலட்சம் பேர் மாடத்திற்கு வந்தனர். அவர்களுட் சிலர் அவ்வீடுகளின் உட்புறத்தைப் படம்பிடித்துச் சமூக ஊடகங்களிலும் வெளியிட்டனர். அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தை மதிக்குமாறு வேண்டும் அறிவிப்பைக் கலைக்கூடம் வைத்தும் சிக்கல் தீரவில்லை. நான்கு வீடுகளின் உரிமையாளர்கள் 'தொல்லை' என்னும் சட்டக்கோட்பாட்டின் அடிப்படையில் வழக்குத் தொடுத்தனர்.

2019-இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கண்ணாடி வீட்டைத் தேர்ந்தவர்கள் திரைச்சீலை போன்ற தற்காப்பை மேற்கொள்ளலாம் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பார்வைக்கு உட்படுதல் தொல்லையே ஆகாது என்றும் அது திட்டமிடல் சட்டத்தின் களம் என்றும் கூறியது. 2023 பிப்ரவரி 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மூவருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையில் இம்முடிவை மாற்றியது.

பெரும்பான்மைத் தீர்ப்பினின்று மூன்று கருத்துகளை நாம் பெறுகிறோம். முதலாவது, அண்டை வீட்டுச் சன்னலிலிருந்து இயல்பாகக் காணப்படுவது தொல்லை அன்று. ஆயின், நாள்தோறும் பெருந்திரளானோரை அழைத்துப் பார்க்கச் செய்வது நிலத்தின் இயல்பான பயன்பாடும் அன்று. இரண்டாவது, பாதிக்கப்பட்டவரே திரைக்குப் பின்னால் வாழ வேண்டும் என்று கோருவது பொறுப்பை இடம் மாற்றுவதாகும். பொதுநலன் என்பது வழங்கத்தக்க பரிகாரத்தைத் தீர்மானிக்கும்போது கருதப்படலாம். தொல்லை உண்டா இல்லையா என்பதை அது தீர்மானிக்காது. மூன்றாவது, திட்டமிடல் முறை பொதுநலன் நோக்கி நிலப்பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவது. தனியார் உரிமை மீறலுக்குப் பரிகாரம் அளிப்பது அதன் பணியன்று. எனவே, அனுமதி பெற்றுவிட்டதனாலேயே ஒரு கட்டடம் அண்டை வீட்டாரின் வழக்கிலிருந்து விடுபட்டுவிடாது.

இதனால் நிபந்தனைகள் பயனற்றவை என்று கொள்ளுதல் பிழை. நீதிமன்றம் கேடு நிகழ்ந்தபின் வருவது. அதற்குக் காலமும் பொருளும் வேண்டும். நிபந்தனையோ கட்டடம் வரைபடமாய் இருக்கும்போதே செயற்படக்கூடியது. ஆயினும் அண்டை வீட்டார் உரிய வேளையில் தம் கருத்தைத் தெரிவித்தால்தான் அது பொருத்தமாய் அமையும். மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதிகளில் அண்டை நில உரிமையாளர்க்கு அறிவிப்பு அனுப்பி, ஆட்சேபிக்க 21 நாள் அளிக்க வேண்டும் என விதித்திருப்பது இங்கு எண்ணத்தக்கது.

சிங்கப்பூரும் நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. 1999-இல் தொடங்கிய புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில், அடுக்குமாடி வீடுகளுக்கு மிக அருகே செல்வது. வீடுகளை நெருங்கும்போது தாமாகவே மங்கும் கண்ணாடிகள் அவ்வண்டிகளில் பொருத்தப்பட்டன. குடியிருப்போரைத் திரையிடச் சொல்லாது, கடந்து செல்லும் பொதுச்சேவையே தன் பார்வையை மறைத்துக்கொண்டது.

பார்வையை உண்டாக்குபவரே அதனைத் தடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதே இவ்விரு சான்றுகளாலும் நாம் பெறும் முடிபாகும். பொதுக்கட்டடம் ஒன்றின் வரைபடத்தை ஆராய்வோர், அங்கிருந்து எவையெல்லாம் தெரியும் என்பதோடு, யாருடைய வீடு தெரியும் என்றும் வினவுதல் வேண்டும்.