மாடு வாங்கும் முன் ஒரு துளி இரத்தம்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள், பல்லைப் பார்த்து வயதையும் மடியைப் பார்த்துக் கறவையையும் சொல்லிவிடுவார்கள். சுழி பார்ப்பதிலும் கெட்டிக்காரர்கள். ஆனால் கன்று வீச்சு நோய் அவர்கள் கண்ணிலும் படாது. புரூசெல்லா பாக்டீரியா தொற்றிய மாடு பளபளவென்றுதான் நிற்கும். வீட்டுக்கு வந்து, சினை ஐந்து மாதம் தாண்டியபின் திடீரென்று கன்றை வீசிவிடும். நஞ்சுக்கொடியும் விழாமல் தொங்கலாம். அப்போது வழியும் கசிவைப் பக்கத்து மாடு நக்கினாலோ, கசிவு பட்ட தீவனத்தைத் தின்றாலோ கட்டுத்தரை முழுக்கப் பரவும்.

காய்ச்சல் நமக்கும் வரும்

வெறுங்கையால் கன்றை இழுத்துவிடுபவர், நஞ்சை அள்ளிப் புதைப்பவர், கறந்த சூட்டோடு பச்சைப் பாலைக் குடிப்பவர் ஆகியோருக்கு இது தொற்றும். விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். டைபாய்டு என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. "வீட்டில் மாடு கன்று வீசியது" என்று நாமே சொன்னால்தான் மருத்துவரின் சந்தேகம் இந்தப் பக்கம் திரும்பும். மருந்து இருக்கிறது. வழக்கமாக ஆறு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். காபிக்குப் பொங்கக் காய்ச்சும் பாலைப் பற்றிப் பயம் வேண்டாம்.

தங்கம் சிவக்கும்போது

கண்ணுக்குப் படாத இந்த நோயைக் காட்டிக்கொடுக்க நானோ நுட்பம் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்து விவசாயிக்கு நானோ என்றால் 2021இல் வந்த அரை லிட்டர் நானோ யூரியா பாட்டில்தான் நினைவுக்கு வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்குத் தனித் துறையே உண்டு. அங்கும் பேச்சு பெரும்பாலும் பயிரையும் பழத்தையும் பற்றித்தான். மாட்டுக்கான நானோ சத்தமில்லாமல் வந்துவிட்டது. கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அதே வகைப் பரிசோதனை அட்டைதான்.

ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர். இருபது முதல் நாற்பது நானோமீட்டர் அளவுத் துகளானால் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். ஒருவகை அட்டையில் இத்துகள்களின் மேல் கிருமியின் புரதம் ஒட்டப்பட்டிருக்கும். மாட்டின் இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரில் (சீரத்தில்) அக்கிருமிக்கான எதிர்ப்பொருள் இருந்தால், அது தங்கத்தைப் பிடித்துக்கொண்டு காகிதத்தில் ஊர்ந்து சோதனைக் கோட்டில் சிக்கும். கால் மணி நேரத்தில் சிவப்புக் கோடு தெரியும். கட்டுத்தரையிலேயே பார்க்கலாம், கரண்டு வேண்டாம்.

கோடு சொல்வதும் சொல்லாததும்

தொற்று புதிது என்றால் எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அட்டை சும்மா இருக்கும். தடுப்பூசி போட்ட மாட்டில் நோயே இல்லாமலும் சில சமயம் கோடு விழும். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும் ஒரே தடவை இந்த ஊசியைப் போடுகிறார்கள். ஆகவே கோடு விழுந்தால் எலைசா போன்ற ஆய்வகச் சோதனையில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எனக்குக் கவலை அதற்கப்புறம்தான். நோய் உறுதியான மாட்டை என்ன செய்வது? மாட்டுக்கு மருந்து கொடுத்துக் குணப்படுத்துவது நடைமுறையில் இல்லை. நட்டத்துக்கு யாரும் பொறுப்பேற்காவிட்டால், அந்த மாடு அடுத்த வாரமே வேறு சந்தைக்குப் போகும். எவ்வளவு நல்ல அட்டையாலும் அதைத் தடுக்க முடியாது.

வாங்குகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புது மாட்டை ஒரு மாதமாவது தனியே கட்டி, மறுபடி ஒருமுறை இரத்தம் பார்த்தபின் மற்ற மாடுகளோடு சேர்க்கலாம். கன்று வீசினால் கையுறை போட்டு, நஞ்சையும் கன்றையும் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைத்துவிட்டு, கால்நடை மருத்துவரையோ 1962 என்ற எண்ணையோ அழையுங்கள்.