வெட்டாமல் ஆழம் பார்க்கும் நுண்ணோக்கி

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ தொகுப்பில், மனிதக் கருவின் மூளைச் சீவல்கள் 5,132 இருக்கின்றன. சீவி, செல் தெரியும் அளவுக்குப் படமெடுத்து, கணினியில் மறுபடி அடுக்கி முப்பரிமாணமாக்கியிருக்கிறார்கள். நுணுக்கத்தில் இந்த வழியை மிஞ்சுவது கடினம். ஆனால் சீவ முடிவது உயிர் போன திசுவைத்தான். துடிக்கிற இதயத்தையோ, நரம்புச் செல்கள் அடுத்தடுத்துக் கிளர்வதையோ காண வேண்டுமானால், ஆழம் முழுவதையும் ஒரே படத்தில் பிடித்தாக வேண்டும். அதற்காகக் கூர்மையில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பதுதான் ஒளிப்புல நுண்ணோக்கி செய்யும் பேரம். லாபமான பேரம் என்பதே என் கட்சி.

வழக்கமான நுண்ணோக்கியில் ஒரு புள்ளியில் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே சென்சார் குறித்துக்கொள்கிறது. எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது தொலைந்துபோகிறது. ஆழம் பற்றிய செய்தி அந்தத் திசையில்தான் இருக்கிறது. பொடி வில்லைகளை வரிசையாக அடுக்கினால் திசையையும் பதியலாம் என்று காப்ரியேல் லிப்மன் 1908லேயே சொன்னார். ஸ்டான்ஃபோர்டில் மார்க் லெவாய் குழு 2006ல் அதை நுண்ணோக்கியில் செய்துகாட்டியது. பிம்பம் விழும் இடத்தில் நுண்வில்லைத் தகடு, அதன் குவியத் தொலைவில் சென்சார். கூடுதல் கருவி அவ்வளவுதான். தகட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். 40 மடங்கு பெரிதாக்கும், 0.95 எண் துளை கொண்ட பொருளருகு வில்லைக்கு, 40ஐ எண் துளையின் இரு மடங்கான 1.9ஆல் வகுத்தால் 21 வரும். நுண்வில்லைகளின் எஃப் எண்ணும், அதாவது குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்தால் வருவதும், ஏறக்குறைய அதுவாகவே இருக்க வேண்டும். குறைந்தால் பிக்சல்கள் வீணாகும். கூடினால் பக்கத்து வில்லைகள் சென்சாரில் வீழ்த்தும் ஒளி வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

ஒரு வில்லைக்குக் கீழே 15க்கு 15 பிக்சல் என்றால், 225 பிக்சலுக்கு ஒரே ஒரு படப்புள்ளிதானே கிடைக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒளியின் அலைத்தன்மையையும் கணக்கில் சேர்த்தால், இழந்த கூர்மையில் ஒரு பகுதியை மீட்கலாம் என்று 2013ல் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த மீட்பு சொதப்புவது சரியாகக் குவியும் தளத்தில்தான். கான்ஃபோகல் நுண்ணோக்கி இதைவிடத் தெளிவாகக் காட்டாதா? காட்டும், ஆனால் புள்ளி புள்ளியாகத் துழாவி முடிப்பதற்குள் உயிரி அசைந்துவிடும். 2014ல் வரிக்குதிரை மீன் குஞ்சின் மூளை முழுவதையும் நொடிக்கு 20 முறை முப்பரிமாணத்தில் பதிந்தது இந்த எளிய ஏற்பாடு. அந்தக் குஞ்சு கண்ணாடிபோல் ஒளியை விடுவது உண்மைதான். தடித்த, ஒளியைச் சிதறடிக்கும் திசுவில் திசைகள் குழம்பி முறையே தடுமாறும். அங்கே சீவலுக்கே நான் ஓட்டுப் போடுவேன். கணக்குப் போட நேரமாகிறது என்ற புகார் மட்டும் எடுபடாது: பதிவு நொடியில் முடிந்துவிடுகிறது, கணினி இரவெல்லாம் ஓடட்டுமே.